உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் வரலாமா?

எங்கள் சங்கத்தின் ஆண்டு மலருக்கு வேலைத்தல உரிமைகள் பற்றி ஒரு கட்டுரை எழுதித் தரும்படி கேட்டார்கள். உரிமைகளை அரசாங்கத்து இணையத்தளத்தில் தமிழிலேயே போட்டு வைத்திருக்கிறார்கள். அதைப் பார்த்து எழுதுவதற்கு நான் எதற்கு? மெல்பனின் தென்கிழக்கில் ஒரு சமூகச் சட்ட உதவி நிலையத்தில் இருபத்திரண்டு வருடம் வேலை செய்து, போன வருடம் ஓய்வு பெற்றவள் நான். சட்டத்தரணி இல்லை. வருகிறவர்களை இருத்தி, கதையைக் கேட்டு, தாள்களை அடுக்கிச் சட்டத்தரணியிடம் கொண்டுபோகும் ஆள். ஆகவே எனக்குத் தெரிந்த மாதிரித்தான் எழுதப் போகிறேன். பெயர்களை மாற்றியிருக்கிறேன். இதில் யோகராசா என்று வருகிறவரிடம் கேட்டபோது, "என்ர பேரைப் போட்டாலும் பரவாயில்லை அக்கா" என்றார். நான்தான் போடவில்லை.

யாழ்ப்பாணத்திலிருந்து வந்த புதிதில் மூன்று வருடம் பிஸ்கட் பெட்டி அடைத்தேன். பிறகு பகுதி நேரமாகப் படித்து ஒரு டிப்ளோமா எடுத்தேன். நிலையத்தில் சம்பளம் இல்லாமல் ஒரு வருடம் ஃபைல் அடுக்கினேன். அதன்பின் என்னை வேலைக்கு எடுத்தது ஹெலன். என் படிப்புக் காலம் பற்றிச் சொல்ல இவ்வளவுதான் உண்டு. உண்மையில் படித்தது ஹெலனிடம்.

ஹெலன் எங்கள் தலைமைச் சட்டத்தரணி. கிரேக்கக் குடும்பம், உயரம் குறைவு, குரல் அதைவிடக் குறைவு. எதிரே இருப்பவர் குனிந்துதான் கேட்க வேண்டும். குனிந்தால் கோபம் பாதி குறைந்துவிடும் என்பது அவருடைய கணக்கு. வேலை போனது, விடுமுறை கிடைக்கவில்லை என்று யாராவது வந்தால், முதலில் அவர்கள் கொண்டுவந்த ஒப்பந்தத்தை வாங்கி, குப்புறக் கவிழ்த்து, அதன் மேல் தன் தேநீர்க் கோப்பையை வைப்பார். "இது பிறகு. நேற்று எத்தனை மணிக்கு எழும்பினீர்கள்?" என்று தொடங்குவார். அதிலிருந்து ஒரு முழு வேலை நாளையும் மணிக்கணக்காகக் கேட்பார். யார் நேரம் குறித்தது, யாருடைய வாளி, யாருடைய சட்டை, தேநீருக்கு எத்தனை நிமிடம், அதை யார் பார்த்துக்கொண்டிருந்தது, அதே கிழமையில் வேறு இடத்திலும் வேலை செய்தீர்களா? கடைசியில் தவறாமல் ஒரு கேள்வி வரும். "உங்களுக்கு ஏலாத நாளில் உங்களுக்குப் பதிலாக இன்னொருவர் வரலாமா?"

இந்தக் கேள்விகள் எதற்கு என்று தெரியாதவர்களுக்காகச் சொல்கிறேன். இந்த நாட்டில் ஒருவர் ஊழியராக இருந்தால் அவருக்குச் சுகவீன விடுமுறை உண்டு, ஆண்டு விடுமுறை உண்டு, நியாயமில்லாமல் நிறுத்தினால் போய் முறையிட ஓர் ஆணையம் உண்டு. தனக்காகத் தொழில் நடத்தும் ஒப்பந்தக்காரராக இருந்தால் இவை இல்லை. அவர் தன் விலையைத் தானே சொல்லலாம், தன் நேரத்தைத் தானே வைக்கலாம், ஆளை வைத்தும் வேலையை முடிக்கலாம். இரண்டும் மரியாதையான நிலைதான். ஒன்றின் பாரத்தைச் சுமக்க வைத்து மற்றதன் பெயரைக் கொடுப்பதுதான் அநியாயம்.

ஹெலன் எல்லோரையும் ஊழியர் என்று சொல்லிவிடுகிறவர் அல்ல. ஒருமுறை மலேசியத் தமிழர் ஒருவர் வந்தார், வீட்டுக்கு வர்ணம் பூசுகிறவர். ஒரு கட்டட நிறுவனம் தன்னை ஏமாற்றிவிட்டது, தான் அவர்களின் ஊழியர் என்று வாதாடினார். ஹெலன் அவருடைய நாளைக் கேட்டார். மனிதரிடம் சொந்த வேன், சொந்த ஏணிகள், கீழே இரண்டு பேர். பிடிக்காத வேலையை வேண்டாம் என்கிறார். பூச்சு உரிந்தால் தன் செலவில் திரும்பப் பூசுகிறார். "நீங்கள் நல்ல தொழில்காரர். உங்களுக்கு வேண்டியது வேறு நீதிமன்றம்" என்று சொல்லி முகவரி எழுதிக்கொடுத்தார். அவர் போகும்போது கொஞ்சம் நிமிர்ந்துதான் போனார்.

பிறகு சட்டம் மாறியது. சில வருடங்களுக்கு முன், எழுத்தில் முழுமையான ஒப்பந்தம் இருந்தால் அதில் உள்ள உரிமை கடமைகளைத்தான் பார்க்க வேண்டும் என்று நாட்டின் உயர் நீதிமன்றம் சொல்லிவிட்டது. ஹெலன் கோப்பையை எடுத்துத் தள்ளி வைத்துவிட்டு, தாளை நிமிர்த்தி வாசிக்கத் தொடங்கினார். அந்தக் காலத்தில் எத்தனை பேரைக் கையை விரித்து அனுப்பினோம்! தாள் எழுதத் தெரிந்தவன் கை ஓங்கியிருந்தது. முகத்துக்கு நேரே "இல்லை" சொல்வது என் வேலையாக இருந்தது, எனக்கு அது சாப்பாடு இறங்காத காலம். அதன்பின் பாராளுமன்றம் சட்டத்தைத் திருத்தியது. தாளை மட்டும் பார்க்காதே, உண்மையில் அங்கே என்ன நடந்தது என்றும் பார் என்றது. அப்படி மாறிய பிறகு வந்தவர்களில் ஒருவர்தான் யோகராசா.

ஐம்பத்தேழு வயது. கிளேட்டனுக்குப் பக்கத்தில் ஒரு பெரிய கடைத்தொகுதியில் ஒன்பது வருடம் காலை வேளைத் துப்புரவு வேலை. தரை தேய்க்கும் மெசினின் வயர் பிய்ந்து தொட்டால் அதிர்கிறது, மாற்றித் தரும்வரை தொட மாட்டேன் என்று சொல்லியிருக்கிறார். இரண்டு நாள் கழித்து ஃபோனில் ஒரு வரி: திங்களிலிருந்து வர வேண்டாம். நிறுத்திய நாளிலிருந்து இருபத்தொரு நாளுக்குள் முறையிட வேண்டும். அவர் எங்களிடம் வந்தபோது பன்னிரண்டு நாள் போய்விட்டிருந்தது. அவர் ஊழியர் என்றால் வழக்கு உண்டு. ஒப்பந்தக்காரர் என்றால் கதவு சாத்தியாயிற்று. அந்த வயதில் இன்னொரு இடத்தில் வேலைக்கு எடுப்பார்களா? அவருக்கு அந்த வேலை திரும்ப வேண்டும், அவ்வளவுதான்.

மனைவி வசந்தியோடு வந்தார். அயர்ன் செய்த சேர்ட், கையில் தோல் பை. இருந்ததும் பையைத் திறந்து தன்னைப் பற்றிய அத்தாட்சிகளை மேசையில் ஒவ்வொன்றாக வைத்தார். முதலில் ஏ.பி.என். என்று எல்லோரும் சொல்லும் வியாபாரப் பதிவு இலக்கம். அடுத்து ஒரு விசிட்டிங் கார்ட், தங்க எழுத்தில்: 'யோகா கிளீனிங் சேர்விஸஸ், நிர்வாக இயக்குநர்.' பிறகு கோயில் மலரில் அரைப் பக்க விளம்பரம்.

"அக்கா, நான் ஆருக்கும் கீழ நிண்டு வேலை செய்யிற ஆள் இல்லை. எனக்குச் சொந்தமா பிசினஸ். அதை முதல்ல அவவுக்கு விளங்கப்படுத்துங்கோ" என்றார்.

நான் ஹெலனைப் பார்த்தேன். மனிதர் தன் வழக்குக்குத் தானே குழி வெட்டி, அதற்குத் தங்க எழுத்தும் போட்டுக் கொண்டுவந்திருந்தார். ஹெலன் கார்டைக் கையில் எடுத்துப் பார்த்து, "அழகாக இருக்கிறது" என்று மெல்லச் சொல்லிவிட்டு, ஒப்பந்தத்தைக் கவிழ்த்தார். எத்தனை மணிக்கு எழும்பினீர்கள்?

நாலேகாலுக்கு எழும்புவார். ஐந்துக்குச் சரக்கு இறக்கும் வாசலில் பதிவேட்டில் பெயர் எழுத வேண்டும். கம்பனிப் பெயர் போட்ட சட்டை. சுப்பவைசர் தரும் பட்டியல்படி முதலில் உணவுக்கூடம், பிறகு கழிப்பறைகள். எட்டரைக்குப் பத்து நிமிடம் தேநீர். மெசின், மருந்து, துடைப்பம் எல்லாம் அவர்களுடையது. ஒன்பது வருடத்தில் வேறு எவருக்கும் ஒரு ஜன்னல்கூடத் துடைத்ததில்லை. கேட்கக் கேட்க நிர்வாக இயக்குநர் கரைந்துகொண்டே போனார். அவருக்கும் அது தெரிந்தது, பதில்கள் சிறுத்தன.

"சுகமில்லாத நாளில்?"

"எனக்குச் சுகமில்லாமப் போனதில்லை."

"ஒன்பது வருடத்தில் ஒரு நாளும்?"

"காய்ச்சலோட போனனான்."

"ஒப்பந்தத்தில் நீங்கள் வேறு ஆளை அனுப்பலாம் என்று இருக்கும். எப்போதாவது அனுப்பினீர்களா?"

அவர் வசந்தியைப் பார்க்காமல் பார்த்தார். "இல்லை" என்றார்.

இங்கே என் பிழையைச் சொல்ல வேண்டும். வருகிறவரைத் தனியாகத்தான் விசாரிக்க வேண்டும் என்பது ஹெலனின் கண்டிப்பான முறை. அன்றைக்கு நான் வசந்தியை உள்ளே விட்டேன். எங்களுக்கென்று வடை சுட்டு, ஃபிளாஸ்க்கில் தேநீரும் கொண்டு வந்த பெண்ணை வெளியே கதிரையில் இரு என்று சொல்ல எனக்கு வாய் வரவில்லை. ஹெலன் என்னைப் பார்த்தார், நான் பார்க்காத மாதிரி இருந்துவிட்டேன். எங்கள் ஆட்களின் மரியாதை சிலநேரம் எங்கள் ஆட்களுக்கே ஆப்பு வைக்கும். மனைவிக்கு முன் அந்த மனிதர் எதைச் சொல்லுவார்?

போகும்போது வசந்தி காரை எடுத்து வரப் போனார். வாசலில் வைத்துக் கேட்டேன். "தம்பி, ஹெலன் கடைசியாக் கேட்டதுக்கு நீங்கள் சொன்னது உண்மையோ?"

யோகராசா அந்தக் கார்டைச் சட்டைப் பையில் வைக்கவும் முடியாமல் கையில் பிடிக்கவும் முடியாமல் நின்றார். "ஒருக்கா அனுப்பினனான் அக்கா" என்றார். அதற்குள் கண் கலங்கிவிட்டது.

வசந்தியின் தம்பி நகுலன் சிட்னியில் ஒரு களஞ்சியத்தில் ஃபோக்லிஃப்ட் ஓட்டிக்கொண்டிருந்திருக்கிறான். "என்ர கம்பனி இருக்கு, இங்க வாடா, பாத்துக்கொள்ளுறன்" என்று இவர் வாயை விட, அவன் வேலையை விட்டுவிட்டு மனைவி பிள்ளையோடு மெல்பனின் வடக்கே கிரெய்கிபர்னில் வீடெடுத்து வந்துவிட்டான். இவருக்கு அங்கே ஒரு துடைப்பத்தை இடம் மாற்றி வைக்கவும் அதிகாரம் இல்லை. நாளை, மறுநாள் என்று இழுத்தார். ஒருநாள் முதுகு பிடித்து எழும்ப முடியவில்லை. ஆளை அனுப்பலாம் என்று ஒப்பந்தத்தில் இருக்கிறதே என்று நகுலனை அனுப்பினார். அவன் விடியுமுன் நகரத்தின் மறுகரையிலிருந்து ஓடிவந்து, பதிவேட்டில் பெயர் எழுதிய கையோடு திருப்பி அனுப்பப்பட்டான். மற்ற வேலையாட்கள் எல்லோரும் பார்த்துக்கொண்டு நின்றார்கள். சுப்பவைசர் உடனே இவருக்கு ஃபோன் அடித்து, அரை மணிக்குள் வராவிட்டால் இனி வரவே வேண்டாம் என்றார். இவர் முதுகில் துணியைக் கட்டிக்கொண்டு போனார்.

"வசந்திக்கு என்ன சொன்னனீங்கள்?"

"என்ர கம்பனியில வேலை குடுத்தன், அவன் நேரத்துக்கு வரேல்லை எண்டு சொன்னனான்."

அதிலிருந்து மூன்று வருடம் மச்சான் இவரோடு பேசவில்லை. தம்பி பொறுப்பில்லாதவன் என்று அக்காவும் நம்பிவிட்டார். எனக்கு அவர் மேல் கோபம் வந்தது, வராமல் என்ன செய்யும்? ஆனால் அந்த வயதில் அப்படி அழுகிற ஒருவரிடம் கோபத்தைக் காட்ட முடியவில்லை.

ஹெலனிடம் சொன்னேன். எனக்கு விழ வேண்டிய பேச்சு விழுந்தது. அதே மெல்லிய குரலில், அதுதான் கூட வலித்தது. பிறகு சொன்னார்: "தாளில் ஒரு சுதந்திரம் எழுதியிருக்கிறது. அதைப் பயன்படுத்தப் போனவரை வாசலில் மறித்திருக்கிறார்கள். இது மட்டும் போதாது, சட்டை, பட்டியல், நேரம் எல்லாம் சேர வேண்டும். ஆனால் இது இல்லாமல் கஷ்டம். அந்த மைத்துனர் வர வேண்டும்." கார்டையும் விளம்பரத்தையும் என்ன செய்வது என்று கேட்டேன். "நாங்களே கொடுப்போம். ஒளித்து வைத்து வெல்லும் வழக்கு எனக்கு வேண்டாம்" என்றார்.

முறைப்பாட்டை அதே கிழமை அனுப்பினோம். ஞாயிறு காலை யோகராசாவை ஏற்றிக்கொண்டு கிரெய்கிபர்னுக்குப் போனேன். சாட்சிக்கு என்ன சொல்ல வேண்டும் என்று சொல்லிக்கொடுக்க எனக்கு அனுமதி இல்லை; வரச் சம்மதமா என்று கேட்கத்தான் முடியும். அந்தக் கேள்வியை யோகராசாவே கேட்பதென்று முடிவு. நகுலன் கதவைத் திறந்து, "வாங்கோ அன்ரி" என்றான். எனக்குப் பின்னால் நின்றவரைக் கண்டதும் முகம் மாறிவிட்டது. ஆனாலும் கதவைச் சாத்தவில்லை.

கதிரையில் இருக்கச் சொன்னான். யோகராசா இருக்கவில்லை.

"நகுலன், அண்டைக்கு உன்னைத் திருப்பி அனுப்பினது நானில்லையடா."

"நீங்கள்தானே முதலாளி. என்னை வேண்டாமெண்டு நீங்கள் சொல்லித்தான் அந்தாள் மறிச்சவன் எண்டு நினைச்சன். வேலை தாறன் எண்டு கூப்பிட்டுப்போட்டு வாசல்ல வைச்சு அவமானப்படுத்தினீங்கள்."

"நான் முதலாளி இல்லை. எனக்கு அங்க ஒரு அதிகாரமும் இல்லை. தேத்தண்ணி குடிக்கக்கூட அவன்ர மணிதான். உன்னைக் கூப்பிட்டது என்ர வாய்க்கொழுப்பு."

இந்த இருபத்திரண்டு வருடத்தில் நான் கேட்ட வாக்குமூலங்களில் இதற்கு நிகரானது இல்லை. ஒப்பந்தத்தின் பதினெட்டுப் பக்கமும் சொல்லாததை நாலு வரியில் சொல்லிவிட்டார்.

நகுலன் கேட்டான். "இதை என்ர அக்காவுக்குச் சொன்னீங்களோ அத்தான்?"

"இல்லை."

"அவவுக்குச் சொல்லுங்கோ. சொன்ன பிறகு நான் எங்க வேணுமெண்டாலும் வந்து சொல்லுறன்."

அன்றிரவு வீட்டில் என்ன நடந்ததென்று எனக்குத் தெரியாது. மறுநாள் அலுவலகத்துக்கு வசந்தியின் அழைப்பு வந்தது. "அக்கா, ஒன்பது வருசமா ஒரு டிரெக்டருக்கு இடியப்பம் அவிச்சுக் குடுத்திருக்கிறன், பாத்தீங்களோ" என்று சிரிக்கத் தொடங்கியவர் நடுவில் அழுதுவிட்டார். "காய்ச்சலோட போகேக்க, ஏன் உங்கட ஆக்கள் பாக்க மாட்டினமோ எண்டு கேப்பன். ஒண்டும் பேசாமல் போவார். பாவம் மனுசன். என்ர தம்பியும் பாவம்." தம்பிக்கு ஃபோன் எடுக்கச் சொன்னேன்.

ஆணையம் தொலைபேசியில் நடத்திய சமரசப் பேச்சில் கம்பனி இறங்கி வரவில்லை. அவர் எங்கள் ஊழியரே இல்லை என்றார்கள். ஆகவே நகரத்தில் ஆணையத்தின் விசாரணை அறைக்குப் போக வேண்டியதாயிற்று. நான் வழக்காடுபவர் பக்கத்து ஆள் என்பதால் மொழிபெயர்க்க முடியாது. டார்னெய்ட்டிலிருந்து வந்த ஒரு சென்னைப் பெண் மொழிபெயர்த்தார். எனக்கு வாயை மூடிக்கொண்டு இருப்பது எவ்வளவு கஷ்டம் என்று என்னைத் தெரிந்தவர்களுக்குத் தெரியும்.

எதிர்ப்பக்கம் கார்டைக் காட்டியது. "நிர்வாக இயக்குநர் என்று இவரே அச்சடித்திருக்கிறார்." விசாரணை நடத்திய ஆணையத்து அம்மா யோகராசாவிடம், ஏன் அச்சடித்தீர்கள் என்று கேட்டார். அறையில் வசந்தி இருந்தார்.

"கலியாணவீட்டில, கோயில்ல, என்ன வேலை செய்யிறீங்கள் எண்டு கேப்பினம் அம்மா. கழுவுறன் எண்டு சொல்ல வெக்கமா இருந்தது. இலக்கம் எடுத்தால்தான் வேலை எண்டு கம்பனி சொல்லிச்சுது. இலக்கம் இருக்கிற ஆள் முதலாளிதானே எண்டு கார்ட் அடிச்சன். அந்தக் கார்டைப் பாத்து எனக்கு ஒருத்தரும் ஒரு வேலையும் தரேல்லை."

மொழிபெயர்த்த பெண் அதை அப்படியே சொன்னார்.

அடுத்து நகுலன். பெயர் எழுதியதையும், சுப்பவைசர் அதை வெட்டியதையும் சொன்னான். "அவர்தான் வரவேணும், வேற ஆக்களை எடுக்க ஏலாது எண்டு சொன்னவர்." ஹெலன் கம்பனியிடம் முன்கூட்டியே கேட்டுப் பெற்றிருந்த பதிவேட்டுப் பக்கத்தை நீட்டினார். நகுலனின் பெயர், மேலே ஒரு கோடு, கீழே நாற்பது நிமிடம் கழித்து யோகராசாவின் பெயர். சுப்பவைசரையும் அழைத்திருந்தார்கள். அவர் ஒரு நேபாள இளைஞர்; எதையும் மறைக்கவில்லை. மேலிடத்து உத்தரவு என்றார். விசாரணையின் நடுவில்தான் தெரிந்தது, அவருக்கும் அதே மாதிரி ஓர் இலக்கம் எடுத்துக் கொடுத்துத்தான் வேலையில் வைத்திருந்தார்கள். வெளியே வந்து நகுலனிடம் மன்னிப்புக் கேட்டார். நகுலன் அவர் தோளில் தட்டினான். எனக்கு நகுலனை அன்றைக்கு நன்றாகப் பிடித்துப்போயிற்று.

முடிவு வர ஆறு கிழமை எடுத்தது. யோகராசா ஊழியர்தான், தொழில் என்று சொல்லத்தக்க எதையும் அவர் நடத்தவில்லை, தாளில் இருந்த சுதந்திரம் வாசலைத் தாண்டவில்லை. இதை நான் என் சொல்லில் எழுதுகிறேன், அவர்கள் எழுதியது நீளம். கம்பனி அதற்குப் பிறகு இறங்கி வந்தது. வயர் மாற்றிய மெசினோடு, ஒன்பது வருடச் சேவையையும் ஏற்றுக்கொண்டு, அதே கடைத்தொகுதியில் அவரை ஊழியராகத் திரும்ப எடுத்தார்கள். எல்லோருக்கும் இப்படி முடிவதில்லை. நான் கையை விரித்து அனுப்பியவர்களை இதை எழுதும்போதும் நினைக்கிறேன்.

நான் ஓய்வு பெறுவதற்கு முந்திய மாதம், ஒரு செவ்வாய்க்கிழமை காலை ஒன்பது மணிக்கு என் மேசையில் ஃபோன் அடித்தது. யோகராசா. குரல் கட்டிப்போயிருந்தது.

"அக்கா, தடிமனும் காய்ச்சலும். விடிய வேலைக்கு ஃபோன் எடுத்து, வரேலாது எண்டு சொன்னனான்."

"என்ன சொன்னவை?" எனக்குப் பதற்றமாகிவிட்டது.

"சிக் லீவு போடுறம், சுகம் வந்தாப்போல வாங்கோ எண்டு சொல்லிச்சினம். அவ்வளவுதான். வேற ஒண்டும் கேக்கேல்லை."

"அப்ப நல்லதுதானே. ஏன் எனக்கு எடுத்தனீங்கள்?"

மூக்கை உறிஞ்சுவது கேட்டது.

"வசந்தி வேலைக்குப் போட்டா. வீட்டில ஒருத்தரும் இல்லை. இத்தனை வருசத்தில இண்டைக்குத்தான் முதல் தரம். இனி என்ன செய்யிறது அக்கா?"

"படுங்கோ" என்றேன்.